ஒன்றை மட்டும் மாற்று

லாபிஸ், ஜொகூர், மலாயா
7-12-1930

அன்புத் தம்பி ஜெயபாலனுக்கு,

அக்காள் தனலெட்சுமி எழுதுவது. அம்மா அப்பாவின் உடம்பு எப்படி இருக்கிறது? அப்பாவின் முழங்கால் இந்த மழைக்குத் தாங்குகிறதா? விவசாயக் கல்லூரி விடுதிச் சாப்பாட்டில் நீ இளைத்துவிட்டாய் என்று அம்மா எழுதியிருந்தார்கள். இங்கே எல்லோரும் நலம். நவம்பர் இருபதாம் தேதி பையன் பிறந்தான் என்று உன் அத்தான் போட்ட கார்டு கிடைத்திருக்கும். இன்று அவனுக்குப் பதினெட்டாவது நாள்.

எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும். முதலாவது எண்பத்தெட்டாம் நாள் போனாள். காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, கொழுகொழுவென்று இருந்தாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், இவனுக்கு அந்த நாள் பிப்ரவரி பதினைந்தில் வருகிறது. புது நாள்காட்டி வந்ததும் அந்தத் தாளை மட்டும் கிழித்துவிடலாமா என்று தோன்றுகிறது. படித்தவள் எழுதுகிற எழுத்தா இது என்று சிரிக்காதே.

சிரிப்பதற்கு வேறு சங்கதி சொல்கிறேன். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் பாதி நாள்தான் வேலை. உன் அத்தானைப் போல ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிகளுக்கும் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். ரயில் பாதை ஓரம் காடு வெட்டிய நிலத்தைத் துரை வீட்டுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, எதையாவது விளைவித்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் பிரசவத்துக்கு முன்னால் எங்கள் துண்டில் பச்சைப்பயறு விதைத்தேன். முளைத்தது, நாலு இலை விட்டது, அப்புறம் மஞ்சளடித்து அப்படியே நிற்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் குடியிருக்கும் லயத்துக் கிருஷ்ணம்மா ஒரு செடியைப் பிடுங்கி ஜன்னல் வழியாகக் காட்டினாள். "கிராணியம்மா, ஒங்க பயறுக்கு மஞ்சக் காமாலை" என்றாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் காய்கறி போடுகிற சீனர், "தானா பாரு, தா போலே" என்று கையை விரித்தாராம். புது மண், ஆகாதாம்.

நான் போய்ப் பார்க்க முடியாது. செல்லம் அண்ணி என்னைப் பத்தியத்தில் வைத்திருக்கிறார்கள். உன் அத்தானின் அக்காள். வீட்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். போன தடவை நாற்பது நாளில் பத்தியத்தை விட்டதால்தான் பிள்ளைக்கு ஆகவில்லை என்று இந்தத் தடவை தொண்ணூறு நாள். பருப்பு, பயறு, கீரை எதுவும் கூடாது. சயாம் வெள்ளரிசியை ஏழு தண்ணீரில் கழுவி வடித்த சோறு, மிளகு ரசம், சுட்ட கருவாடு, பூண்டு. அண்ணியும் எனக்காக அதையேதான் சாப்பிடுகிறார்கள்.

மண்ணுக்கு என்ன செய்யலாம் என்று உடனே எழுது.

அம்மா அப்பாவுக்கு என் நமஸ்காரம்.

உன் அக்காள்,
தனலெட்சுமி


கோயம்புத்தூர்
28-12-1930

என் அக்காவுக்கு,

தம்பியின் வணக்கங்கள். உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. நான் இளைக்கவில்லை, அம்மா கண்ணுக்கு அப்படித் தெரிகிறது.

பதினெட்டு நாள் ஆகியும் மருமகன் பெயரை எழுதவில்லையே? அத்தானின் கார்டிலும் இல்லை. பெயர் சொல்லாவிட்டால் நான் 'திருவாளர் லாபிஸ்' என்றுதான் கூப்பிடுவேன்.

பயறுக்கு வருகிறேன். இன்டர்மீடியட்டில் தாவரவியலுக்கு மெடல் வாங்கினவள் வேரைப் பார்க்காமல் இலையைப் பார்த்துக் கவலைப்படலாமா? ஒரு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசிப் பார். வேரில் கடுகளவு முடிச்சுகள் இருக்கின்றனவா? நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பயறு காற்றிலிருந்து உரம் எடுக்கிறது என்கிறோம். எடுத்துக் கொடுப்பது அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்தான். காடு வெட்டிய மண்ணில் அது இல்லாமல் இருக்கலாம். மண் புளித்திருந்தால், இருந்தும் வேலை செய்யாது.

எதுவென்று ஊகித்துக்கொண்டிருக்காதே, மண்ணையே கேள். இரண்டு மண்ணெண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டு. நான்கு தொட்டி ஆயிற்று. முதலாவதில் உன் மண் மட்டும். இரண்டாவதில் உன் மண்ணும் ஒரு கை அடுப்புச் சாம்பலும். மூன்றாவதில் உன் மண்ணும், அந்தச் சீனரின் பழைய பயற்றங்காய்ப் பாத்தியிலிருந்து ஒரு கை மண்ணும். நான்காவதில் எல்லாம். ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே வெயில். எங்கள் ஆசிரியர் நாளுக்கு மூன்று தடவை சொல்வது ஒன்றுதான்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை, அப்போதுதான் காரணம் தன் வாயாலேயே சொல்லும்.

விதை ஒரு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். அத்தானுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம்.

உன் தம்பி,
ஜெயபாலன்


லாபிஸ்
18-1-1931

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகமா? அம்மாவுக்கு இந்தத் தை மாதப் பனியில் இருமல் வருமே, கவனித்துக்கொள். இங்கே நலம். உன் கடிதமும் விதையும் நேற்று வந்தன. இன்றே நான்கு டின்னும் வைத்தாயிற்று. பழைய செடியின் வேரை அலசிப் பார்த்தேன். முடிச்சு ஒன்றுகூட இல்லை, துடைத்து வைத்தது போல் இருந்தது.

சீனரிடம் மண் கேட்டு வாங்கி வந்தது கிருஷ்ணம்மாதான். காசு கொடுத்து மண்ணை வாங்குகிறாயா என்று அவர் சிரித்தாராம். இவள், "எங்க கிராணியம்மா படிச்சவங்க, மண்ணத்தான் வாங்குவாங்க" என்றாளாம். அவளுக்கும் நாலு மாதக் கைக்குழந்தை. பெண். வெட்டுக்காட்டிலிருந்து அவள் வரத் தாமதமானால், அந்தப் பிள்ளை லயத்தில் போடுகிற கூச்சல் எங்கள் வாசல் வரை கேட்கும்.

எங்கள் பையன் அப்படி இல்லை. அழுதால் அடுத்த அறைக்குக் கேட்காது. சமர்த்துப் பிள்ளை, சத்தமே போடுவதில்லை என்று அண்ணிக்குப் பெருமை. உடம்பும் நல்ல பூரிப்பு. இன்று அறுபதாவது நாள்.

கோழி ஆறும் கொல்லையில் போட்ட நாற்றைக் கிளறிவிடுவதால் ஒரு வாரமாகக் கூண்டில் அடைத்திருக்கிறோம். வெளியே மேய விடுவதில்லை. மிஞ்சின சோற்றைத்தான் போடுகிறோம்.

எனக்கு ஒன்றுமில்லை. பாதம் இரண்டும் மதமதவென்று இருக்கிறது, செருப்பு நழுவினால்கூடத் தெரிவதில்லை. ஈரத்தில் நின்றதால்தான் என்று அண்ணி பூண்டை இன்னும் இரண்டு பல் கூட்டியிருக்கிறார்கள்.

உன் அக்காள்,
தனலெட்சுமி


லாபிஸ்
30-1-1931

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். டின்னில் எல்லாம் முளைத்துவிட்டன. இன்றைக்கு நான்கும் ஒரே உயரம்தான். மூன்றாம் இலை வரும்வரை விதையிலுள்ள சத்திலேயே வளரும், அதற்குப் பிறகுதான் மண் பேசும் என்று கல்லூரியில் படித்தது ஞாபகம் இருக்கிறது. காத்திருக்கிறேன்.

கோழிக்கு ஏதோ நோய். ஒரு பெட்டைக்கு நேற்று முதல் கால் மடங்கிவிட்டது. கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறது. சீக்கு மற்றதுக்கும் பரவும் என்று அண்ணி புதைக்கச் சொன்னார்கள். "புதைக்கவா? குடுங்கம்மா, உசுரோட இருக்கையிலே கொழம்பு வச்சிடறேன்" என்று கிருஷ்ணம்மா கூடையில் போட்டு லயத்துக்குக் கொண்டு போய்விட்டாள்.

பிள்ளை சுகம்.

(இங்கே இரண்டு வரிகள் மை பூசி அடிக்கப்பட்டிருந்தன.)

அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தனலெட்சுமி


கோயம்புத்தூர்
8-2-1931

அக்காவுக்கு,

வணக்கம். உன் பதினெட்டாம் தேதிக் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இருமல் விட்டது. எல்லோரும் சௌக்கியம்.

துடைத்து வைத்தது போன்ற வேர்! அதைப் படித்ததும் அறையிலிருந்த மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டினேன். நான் போட்ட கணக்கு சரிதான். மூன்றாவது டின்னை விட நான்காவது ஜெயிக்கும் என்று ஒருவனிடம் ஒரு மசால் தோசை பந்தயம் கட்டியிருக்கிறேன். இது கிடைத்ததும் ஒவ்வொன்றிலும் இரண்டு செடியை எடுத்து அலசி, முடிச்சை எண்ணி எழுது. என் தோசை உன் கையில்.

கோழிக்கெல்லாம் சிறைத் தண்டனையா? ஆறு மாதமா, ஆயுளா?

திருவாளர் லாபிஸ் சமர்த்தாக இருக்கிறார் என்பதில் மகிழ்ச்சி. நம் வீட்டில் யாரும் குழந்தையில் சமர்த்தாக இருந்ததில்லை என்று அம்மா சொல்கிறார்கள். பெயரை இந்தத் தடவையும் எழுதவில்லை.

உன் தம்பி,
ஜெயபாலன்


லாபிஸ்
10-2-1931

தம்பி,

எண்பத்து மூன்றாவது நாள். இன்றைக்கு நான் நலம் விசாரிக்கவில்லை, மன்னித்துக்கொள்.

பையன் வாயைத் திறந்து அழுகிறான், குரல் வரவில்லை. காற்று மட்டும் வருகிறது. குடித்ததையெல்லாம் கக்குகிறான். அழும்போது உதடு நீலமாகிறது. முகம் உப்பியிருக்கிறது. அதைத்தான் நாங்கள் பூரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் மார்ச்சளி என்று ஒரு மருந்து கலக்கிக் கொடுத்தார். அண்ணி மாந்தம் என்று வசம்பு சுட்டுத் தடவினார்கள். இரண்டும் பார்த்தாயிற்று.

அவளுக்கும் இப்படித்தான். ஒன்றுவிடாமல் இப்படித்தான். நான் அப்போது உங்கள் யாருக்கும் எழுதவில்லை.

இதைத் தபாலில் போட்டு நீ படிக்கும்போது மாதம் முடிந்திருக்கும். யாருக்காக எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மடியில் அவனைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். விளக்கைத் தணித்தால் மூச்சு விடுகிறானா என்று தெரியாது, அதனால் எழுதுகிறேன்.


லாபிஸ்
16-2-1931

அன்புத் தம்பிக்கு,

அம்மா, அப்பா, நீ எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். பத்தாம் தேதி எழுதிய கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அதையும் இதோடு வைக்கிறேன். அதை முதலில் படித்திருந்தால் பயப்படாமல் இதைப் படி. நேற்று எண்பத்தெட்டாம் நாள். பையன் இருக்கிறான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பதினொன்றாம் தேதி காலையில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லயத்துப் பக்கமிருந்து ஒரு கோழி நடந்து வந்தது. எங்கள் கூண்டுக்கு வெளியே நின்று உள்ளே இருந்த கோழிகளைப் பார்த்துக் கொக்கரித்தது. கால் மடங்கிய அதே பெட்டை! காலில் அடையாளத்துக்கு அண்ணி கட்டிய சிவப்புத் துணி அப்படியே இருக்கிறது. பின்னாலேயே கிருஷ்ணம்மா ஓடி வந்தாள். "அலமாக், கழுத்த அறுக்கலாம்னு கத்திய தீட்டினா எந்திரிச்சி நிக்குதம்மா. முட்ட வேற போட்டுடுச்சி. எப்பிடி அறுக்கிறது, சொல்லுங்க?"

"என்ன மருந்து கொடுத்தே?" என்று கேட்டேன்.

"கோழிக்கு மருந்தா? நாங்களே மருந்து பாக்காதவங்க. எங்க கோழிங்களோட தவிட்டத் தின்னுச்சி, புழுங்கச் சோத்தத் தின்னுச்சி. வேற என்னா?"

கூண்டுக்குள் இருந்த ஐந்தில் இன்னும் இரண்டு தள்ளாடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னால் கொட்டாங்கச்சியில் எங்கள் வீட்டுச் சோறு கிடந்தது, மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாக.

தம்பி, அந்த நிமிஷத்தில் உன் நான்கு டின்னும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. கிருஷ்ணம்மாவின் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒரே கொசு, ஒரே மழை, பேறு பார்த்ததும் ஒரே கை. அவள் வீடு ஒழுகுகிறது, எங்கள் வீடு ஒழுகவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவள் பிள்ளைதான் நோயில் விழ வேண்டும். அது ஊரைக் கூட்டுகிறது. என்ன மாறியிருக்கிறது? அவள் பத்தியம் இருக்க முடியாமல் முப்பதாம் நாளே பால் வெட்டப் போய்விட்டாள். லயத்தில் கொடுக்கிற புழுங்கலரிசியையும் கிடைத்த கீரையையும் சாப்பிடுகிறாள். நாங்கள் கிராணி வீடு என்பதற்காகக் கிபாயத்துல்லா கடையிலிருந்து வெள்ளரிசியை வரவழைத்து, அதிலும் ஏழு தண்ணீர் விட்டுக் கழுவிச் சாப்பிடுகிறோம்.

கோழி அந்தச் சோற்றைத் தின்றது. நானும் தின்றேன். ஆனால் பிள்ளை சோறு தின்னவில்லையே என்று ஒரு கணம் நினைத்தேன்.

அப்புறம்தான் புரிந்தது. அவன் சாப்பிடுவது என்னை.

ஒன்றை மட்டும் மாற்று என்று நீ எழுதியிருந்தாய். எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தேன். "கிருஷ்ணம்மா, இவனுக்குப் பால் கொடு" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். அண்ணி அடுப்படியிலிருந்து வந்து வாசலை மறித்துக்கொண்டார்கள். "ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா தனம்? ஒனக்குப் பால் இல்லாமலா? கிராணி வீட்டுப் புள்ள லயத்திலே போய்ப் பால் குடிச்சிச்சின்னா நாளைக்கி எந்த மொகத்தோட நான் வெளிய வர்றது?"

உன் அத்தான் ஆபீசுக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் டின்னைச் சொல்ல நேரமில்லை, கோழியைச் சொல்ல நேரமில்லை. "போன தடவை நான் ஒண்ணும் கேக்கல. இந்தத் தடவை கேக்கிறேன்" என்றேன். அவர் பிள்ளையின் வாயைப் பார்த்தார். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். "அக்கா, நகருங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துப் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் மழையில் லயத்துக்குப் போனோம். என் கால் தரையில் படுவதே எனக்குத் தெரியவில்லை. இரண்டு இடத்தில் விழப் பார்த்தேன்.

கிருஷ்ணம்மா கூச்சப்படவில்லை. "காலையிலே மரத்துப் பால், இப்ப இந்தப் பால். நமக்கு வேற என்ன வேல?" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். முதலில் அவனால் இழுக்க முடியவில்லை. அவளே பீய்ச்சிச் சங்கில் ஊற்றினாள். நாலு சங்கு. கக்குவான் என்று துணியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கக்கவில்லை. ஒரு மணிக்கு ஒரு தடவை கொடுத்தோம். இரவும் நாங்கள் அங்கேயே இருந்தோம். மறுநாள் மத்தியானம் உதட்டில் நிறம் வந்தது. மூன்றாம் நாள் விடிகிற நேரம் எங்கேயோ கதவு கிரீச்சிடுகிறது என்று நினைத்தேன். கதவு இல்லை, அவன்தான். குரல் அப்படிக் கரகரவென்று வந்தது.

நான் பத்தியத்தை விட்டுவிட்டேன். லயத்துப் புழுங்கல் சோறும், சீனர் தோட்டத்துப் பயறும், தவிட்டில் தட்டிய அடையும் சாப்பிடுகிறேன். கிருஷ்ணம்மா கொடுக்கிற வரைக்கும் அவள் பால்தான் பிள்ளைக்கு. என்னுடையதைப் பீய்ச்சி மண்ணில் விடுகிறேன். அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல முடியாது.

நான் சரியாகத்தான் யோசித்தேனா, தற்செயலா? நீ படித்திருந்தால் சொல்.

தனலெட்சுமி


கோயம்புத்தூர்
20-2-1931

அக்கா,

உன் முப்பதாம் தேதிக் கடிதம் காலையில் கிடைத்தது. கிடைத்த அரை மணியில் தந்தி அடித்துவிட்டேன். அது உன் கையில் சேர்ந்திருக்கும். இந்தக் கடிதம் அதற்கு விளக்கம்.

நீ அடித்த இரண்டு வரியை ஜன்னலில் வைத்து வெளிச்சத்தில் படித்தேன். "பால் கக்குகிறான். குரல் வரவில்லை." அதற்கு மேலே கால் மடங்கிய கோழி. முந்தைய கடிதத்தை எடுத்தேன். உன் பாதம் மரத்திருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் அதைப் படித்துவிட்டுத் தோசைக்குப் பந்தயம் கட்டினேன்.

போன வருஷம் ஒரு டாக்டர் எங்களுக்குச் சொற்பொழிவு செய்தார். தீட்டிய அரிசியை மட்டும் போட்டு வளர்த்த புறாக்களின் படத்தைக் காட்டினார். கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு நின்றன. தவிட்டோடு போகிற வைட்டமின் இல்லாததால் வருகிற வியாதி, பெரிபெரி என்றார். தாய்க்கு லேசாக இருக்கும், பால் குடிக்கிற பிள்ளையை இரண்டாம் மூன்றாம் மாதத்தில் அடிக்கும். புழுங்கல் சாப்பிடுகிறவர்களுக்கு வராது. அவிக்கும்போதே சத்து அரிசிக்குள் போய்விடுகிறது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பரீட்சைக்கு வரும் என்று கோடும் போட்டிருக்கிறேன்.

பதினைந்தாம் தேதி போய்விட்டது. இதற்கு மேல் எழுத வரவில்லை. ஒரு வரி போடு. எதுவானாலும் போடு.

ஜெயபாலன்


லாபிஸ்
12-3-1931

என் தம்பிக்கு,

நலம், நலம், நலம். பதினாறாம் தேதிக் கடிதம் இதற்குள் உன்னிடம் வந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்: பையன் இருக்கிறான், கால் உதைக்கிறான், கத்துகிறான். இந்த மாதம் ஐந்தாம் தேதியிலிருந்து நானே பால் கொடுக்கிறேன். முதல் நாள் கொடுக்கப் பயந்து, கிருஷ்ணம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். "நல்லாத்தான் குடிக்கிறான், போங்கம்மா, நான் என்ன வாத்தியாரா பரீட்ச பாக்க?" என்றாள்.

உன் தந்தி ரகளையைக் கேள். தந்தி என்றால் சாவுதானே? ஸ்டேஷனிலிருந்து ஆள் சைக்கிளில் வந்ததும் அண்ணி வாசலில் உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். அப்பாவா அம்மாவா என்று தெரியாமல் நான் பிள்ளையோடு வாசலுக்கு ஓடினேன். லயத்துப் பெண்கள் பத்துப் பேர் தலையை விரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உன் அத்தான் அதைப் பிரித்து, தமிழில் சொன்னார்: "வெள்ளரிசி நிறுத்து. தவிடு சாப்பிடு." அண்ணி அழுகையை நிறுத்தி, "தவிடு சாப்பிட்டா செத்தாங்க?" என்று கேட்டார்கள்.

டின் கணக்கு. முதலாவதில் முடிச்சு இல்லை. இரண்டாவதில் செடிக்கு இரண்டு. மூன்றாவதில் ஐந்து, வெளுப்பு. நான்காவதில் பத்தொன்பது, இருபத்து மூன்று, கீறினால் சிவப்பு. இலை கரும்பச்சை. தோசையைச் சாப்பிடு. எங்கள் துண்டு முழுக்கச் சாம்பலும் சீனர் மண்ணும் தூவி மறுபடி விதைத்தாயிற்று. லயத்தில் ஒன்பது வீடும் அப்படியே செய்கிறார்கள்.

வருத்தம் ஒன்றுதான். அண்ணி நம்பவில்லை. பிள்ளை பிழைத்தது கிருஷ்ணம்மாவின் கைராசி, காளியம்மனுக்கு நேர்ந்தது என்கிறார்கள். வீட்டுக்கு வெள்ளரிசிதான் வேண்டும் என்று பிடிவாதம். அவர்களுக்கே இப்போது வாசற்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அவர்கள் சாப்பிட்டால் எதிரில் உட்கார்ந்து நான் வேறு சாப்பிட முடியவில்லை. அதனால் ஒரு கோழியைத் தனியாகக் கட்டி, அவர்கள் கையாலேயே வெள்ளைச் சோறு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். மற்றதுக்கெல்லாம் தவிடு. கண்ணால் பார்க்கட்டும். நேற்றுத்தான் ஆரம்பம்.

நீ ஒன்று மட்டும் எழுதாதே. முதலாவதைப் பற்றி. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எழுத்தில் வேண்டாம்.

தனலெட்சுமி


கோயம்புத்தூர்
2-4-1931

அக்காவுக்கு,

கோடி வணக்கம். தோசை சாப்பிட்டேன், ருசிக்கவில்லை. உன் பதினாறாம் தேதிக் கடிதத்தை, உன் மார்ச் கடிதம் வந்த பிறகுதான் கண்ணீரில்லாமல் படிக்க முடிந்தது. நீ கேட்டதற்குப் பதில்: தற்செயல் இல்லை. படித்துத் தெரிந்துகொண்ட நான் தூங்கினேன். அதைப் படிக்காமலே நீ கண்டுபிடித்தாய்.

நீ சொன்னதை எழுதவில்லை.

கட்டிய கோழி என்ன ஆயிற்று? எத்தனையாவது நாள் கால் மடங்கியது என்று குறித்து அனுப்பு. ஆசிரியரிடம் காட்ட வேண்டும். உன் பெயரைப் போட்டுக் குறிப்பே எழுதலாம் என்கிறார்.

அம்மா அப்பா சுகம். அத்தானுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

உன் தம்பி,
ஜெயபாலன்


லாபிஸ்
24-4-1931

அன்புத் தம்பிக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் இங்கிருந்து வேண்டிக்கொள்கிறோம். என் பாதத்தில் இப்போது ஈரம் பட்டால் ஈரம் தெரிகிறது. செருப்பு நழுவினால் தெரிகிறது.

உன் ஆசிரியருக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. சோதனையை நான் முடிக்கவில்லை.

பதினெட்டாம் நாள் சாயந்தரம் பார்த்தேன், கோழி ஒரு காலை இழுத்தது. கழுத்து இன்னும் வளையவில்லை; இன்னும் ஒருநாள், இரண்டு நாள் என்று நினைத்தேன். உள்ளே அண்ணி பையனைத் தூளியில் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டில் பெயர் வருகிற இடத்தில் பழைய பெயர் வந்துவிட்டது. அவளுடையது. சட்டென்று நிறுத்தி, "என் ராசா" என்று மாற்றிப் பாடினார்கள்.

அவள் இருந்த எண்பத்தெட்டு நாளும் அவளைக் குளிப்பாட்டியது அண்ணிதான். எனக்குப் பொங்கிப் போட்டதும் அவர்கள்தான். ஏழு தண்ணீர் கழுவியதும் அவர்கள்தான், ஒரு தூசி இருக்கக் கூடாது என்று. கோழி கழுத்தை வளைத்தால் வெள்ளரிசி கெடுதல் என்று மட்டுமா அது சொல்லும்? நான் கட்டி வைத்திருந்தது கோழியை இல்லை என்று தோன்றியது.

இருட்டுவதற்குள் போய் அவிழ்த்துவிட்டேன். தவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் கொண்டு போய் விட்டேன். கோழி ஓடிப்போயிற்று என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

காலையில் எழுந்து வந்தால், அண்ணி கொல்லையில் குந்தி, தவிட்டைப் பிசைந்து அந்தக் கோழிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்கள்: "கால் இழுத்ததை நேத்து வெடியக்காலமே பாத்துட்டேன் தனம். நீ பாக்கிறதுக்கு முன்னாடியே."

அண்ணி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், வெள்ளரிசி மூட்டையை உன் அத்தானிடம் காட்டி, "தம்பி, கிபாயத்துல்லா கடையிலே இத மாத்திப் புழுங்கலா வாங்கிட்டு வா. எனக்கும் சேத்து" என்றார்கள். இரண்டு நாள் எதுவும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கிருஷ்ணம்மாதான் வந்து, "ஒங்க மருமகன் என் பால் குடிச்ச புள்ள, அதனால நான் ஒங்களுக்குச் சொந்தம். எந்திரிச்சி சாப்புடுங்க" என்று அதட்டிச் சாப்பிட வைத்தாள். கிராணி வீட்டு அடுப்படியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அண்ணிதான் பலகை எடுத்துப் போட்டார்கள்.

பயறு காய் முற்றி இப்போது பறிக்கிறோம். எங்கள் துண்டில் ஒன்றரை மரக்கால் வரும். ஒரு பொட்டலம் உனக்கு அனுப்புகிறேன், ஜொகூர் மண்ணில் விளைந்தது.

நீ பெயர் கேட்டுக்கொண்டே இருந்தாய். நான் வைக்காமல் இருந்தேன். வைத்தால் அப்புறம் கூப்பிட வேண்டியிருக்குமே என்று இருந்தேன். போன வெள்ளிக்கிழமை வைத்தோம். கனகராஜ். அண்ணி மடியில் போட்டுக்கொண்டு காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். இரண்டு தடவை சொன்னார்கள். மூன்றாவது தடவை சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு சத்தமாக அழுதான்.

உன் அக்காள்,
தனலெட்சுமி